ஃபேன் வேண்டாத மதர்போர்டு

“பொண்ணே பேசியிருக்கா, நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கா. அப்புறம் எதுக்கும்மா தினமும் வந்து நிக்கறேன்னு கேக்கறாங்க சார் ஸ்டேஷன்ல.”

சொல்லி முடிப்பதற்குள் நர்ஸின் குரல் உடைந்தது. டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். வலது கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து, சொல்வதில் எது நிஜம், எது புளுகு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் சர்வேயர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜன்னலோரம் சாய்ந்து நின்றவள் அவருடைய உதவியாளர். ஆள் ஒல்லி, நாக்கு கூர்மை. அதனால் குண்டூசி.

“கையில என்னம்மா?”

நர்ஸ் விரல்களைப் பிரித்தாள். ஒரு நீல நிற இன்ஹேலர்.

“சின்ன வயசுலேருந்து வீசிங் சார் அவளுக்கு. இது இல்லாம தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டா. மேஜை மேலயே இருந்துது. இதை விட்டுட்டு ரெண்டு நாள் வெளியில இருப்பாளா?”

“வேற ஒண்ணு வாங்கியிருப்பா, அக்கா.”

சொன்னது நர்ஸின் தம்பி. ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தான். அவனும் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம். மடித்த ஜெர்கின் ஒன்று அவன் முழங்கையில் தொங்கியது.

“அக்கா ரெண்டு நாளா தண்ணிகூடக் குடிக்கல சார். நான்தான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன். வயசுப் பொண்ணு, யாரோடயாவது போயிருப்பா. அதை வெளிய சொல்லாம விட்டாலே நல்லதுன்னு எனக்குப் படுது.”

“இந்த வெயில்ல ஜெர்கினா?” என்றாள் குண்டூசி. “ஒண்ணு ஜுரம் இருக்கணும், இல்ல காதல் இருக்கணும்.”

“குண்டூசி!” என்றார் சர்வேயர். பிறகு நர்ஸிடம் திரும்பி, “அந்த மெசேஜைப் போடுங்கம்மா” என்றார்.

தெரியாத நம்பரிலிருந்து முந்தின நாள் வந்த குரல் அது. இளம்பெண்ணின் குரல். சாதாரணமாக, கொஞ்சம் அவசரமாகப் பேசியது.

“அம்மா, நான்தான். என்னைத் தேடாதே. நானேதான் கிளம்பி வந்தேன். போட்டி முடிஞ்சதும் வந்துடுவேன். ஓவர்க்ளாக் பண்ண மதர்போர்டு தேடிட்டே இருந்தேன்ல, கிடைச்சிடுச்சும்மா. ரெண்டே ரெண்டு ராம் ஸ்லாட். பின்னாடி பழைய ஒம்போது முள்ளு போர்ட். ஹீட்சிங்க் எதுவும் கிடையாது. ஆனா சூப்பர் போர்டு. எவ்வளவு ஓட்டினாலும் சூடே ஆகாது, ஃபேனே வேண்டாம். பல்லுகிட்ட சொல்லு, பொறாமைப்படுவான்.”



“எனக்கு இதுல ஒரு வார்த்தை புரியல சார்” என்றாள் நர்ஸ். “வீட்டுல அவளே கம்ப்யூட்டர் செய்வா. அதோட வேகத்தைக் கூட்டிப் போட்டியில ஜெயிப்பா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனா வார்த்தைக்கு நடுவுல ஒரு சின்ன விசில் கேட்டுதா? அது எனக்குத் தெரியும். நெஞ்சு இழுக்குது சார் அவளுக்கு.”

“பல்லுன்னா யாரு?”

“அவன்தான் சார்” என்று தம்பி முந்திக்கொண்டான். “ஏதோ பல் செட் செய்யற பையன். எனக்கு முதல்லேருந்தே அவன்மேலதான் சந்தேகம். நீங்க அவனைப் பிடிங்க. நான் கிளம்பறேன் அக்கா, லோடு ஏத்தற வேலை இருக்கு. சாயந்திரம் வந்து வீட்டுல விடறேன்.”

அவன் போகும்போது அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

*

பல் லேபில் அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன.

“இத்தனை பேர் சிரிக்கறாங்க, வாங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல” என்றாள் குண்டூசி.

பின்னறையில் ராவும் இயந்திரம் நின்றது. முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு முப்பது வயதுக்காரன் ஒருவன் வந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். நர்ஸின் மகள் காணாமல் போன விஷயத்தைச் சொன்னதும் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

“போன் எடுக்கலையேன்னு நினைச்சேன். போட்டிக்கு முன்னாடி இப்படித்தான், கோபத்துல பேசமாட்டா. போன தடவை அவதான் முதல், நான் ரெண்டாவது.”

“ஜெயிச்சவமேல உனக்குக் கோபம் இல்லையா?” என்றாள் குண்டூசி.

“தோத்தா கோபம் வரத்தான் செய்யும். அதுக்காக ஆளையா கடத்துவாங்க?”

சர்வேயர் மெசேஜைப் போட்டார். ராம் ஸ்லாட் என்ற வார்த்தை வந்ததும் பல்லுவின் நெற்றி சுருங்கியது. ஹீட்சிங்க் என்றதும் நிமிர்ந்தான். கேட்டு முடித்ததும் மறுபடி போடச் சொன்னான். இரண்டாவது முறை முடிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“இது பொய் சார். முழுப் பொய்.”

“எது?”

பல்லு உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். திறந்தான். உள்ளே உள்ளங்கை கனத்துக்கு உலோகக் கவசங்கள் பூட்டிய ஒரு மதர்போர்டு. அதோடு வைத்திருந்த ஒயர்கள் மூன்று மூன்றாகப் பின்னிச் சடை போட்டது போல இருந்தன.

“அவ தேர்ந்தெடுத்த போர்டு இதுதான். எனக்கும் அவளுக்கும் இதுக்காகப் பெரிய சண்டை. வேகத்தைக் கூட்டணும்னா முதல்ல போர்டு அதுக்கு வழி விடணும். விலை குறைஞ்ச போர்டுல அந்த வழியையே பூட்டி அனுப்புவாங்க. அடுத்தது, வேகம் கூடினா மின்சாரம் நிறைய இழுக்கும். அந்த மின்சாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கற இடம் கொதிக்கும். அதுமேல இந்த மாதிரி ஹீட்சிங்க் இல்லன்னா போர்டு கருகிடும். வீட்டுல பார்த்தா அம்மா திட்டுவாங்கன்னு என்கிட்ட வச்சிருக்கச் சொன்னா. ஒயரைச் சடை பின்னறது அவ பழக்கம். அவிழ்ந்து கிடந்தா கை பரபரக்கும்பா.”

“அப்ப மெசேஜ்ல சொல்ற போர்டு?”

“அதை எங்க ஆளுங்க யாரும் காலால கூடத் தொடமாட்டாங்க. ஹீட்சிங்க் இல்லாத ரெண்டு ஸ்லாட் போர்டுல ஓவர்க்ளாக்கா? அதுவும் ஒயர் சொருக ஒம்போது முள்ளு போர்ட் வச்ச போர்டு எல்லாம் வீட்டுக்கு வர்றதில்ல சார். மிஷினோட பேசறதுக்கு வைக்கறது. எடை மிஷின், லேத், மோட்டார், அந்த மாதிரி.”

“அதாவது, யாரோ பக்கத்துல நிக்கறாங்க, அவ பேச வேண்டியதைப் பேசறா” என்றார் சர்வேயர். “கேக்கறவனுக்குப் புரியாது, உனக்குப் புரியும். அதான் பல்லுகிட்ட சொல்லுன்னு சொன்னா.”

பல்லுவின் கண் நிறைந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

“சூடே ஆகாது, ஃபேனே வேண்டாம்னு சொல்றாளே?” என்றாள் குண்டூசி. “அது எந்த ஊர்ல நடக்கும்?”

“எந்த ஊர்லயும் நடக்காது. போட்டியில நாங்க ஐஸை அடுக்கி வச்சுதான்...”

பாதியில் நிறுத்தினான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குளிர்” என்றார் சர்வேயர். “அவளைச் சுத்திக் குளிரு. மிஷினோட பேசற கம்ப்யூட்டர். கோல்ட் ஸ்டோரேஜ்.”

“வீசிங் இருக்கற பொண்ணு” என்றாள் குண்டூசி. இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை. “எத்தனை கோல்ட் ஸ்டோரேஜ் இருக்கும் சார் சுத்துவட்டாரத்துல? மீனுக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணா தட்டி முடிக்கறதுக்குள்ள...”

அவள் முடிக்கவில்லை. சர்வேயர் அதற்குள் நர்ஸைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“அம்மா, உங்க பொண்ணு எங்கயாவது கோல்ட் ஸ்டோரேஜ்ல வேலைக்குப் போனாளா? ரிப்பேர், சர்வீஸ், ஏதாவது?”

“அப்படி எதுவும் சொல்லலையே சார். ஏன்?”

“கோல்ட் ஸ்டோரேஜ் நடத்தற யாரையாவது அவளுக்குத் தெரியுமா?”

“ஏன் தெரியாது, என் தம்பியே அதுலதானே மேனேஜர். மருந்து வைக்கற கோல்ட் ஸ்டோரேஜ். அவன்கிட்ட கேட்டா எல்லா இடத்துலயும் விசாரிச்சுடுவான். நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

குண்டூசியின் முகம் வெளிறியது. தம்பியின் முழங்கையில் தொங்கிய ஜெர்கின் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“வேண்டாம்மா” என்றார் சர்வேயர், ஒவ்வொரு எழுத்தாக. “அவருக்குப் போன் பண்ணாதீங்க. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க.”

மறுமுனையில் நர்ஸ் அட்ரஸைச் சொன்னாள். அதற்கப்புறம் பேச்சில்லை. வைத்துவிட்டாளோ என்று அவர் பார்த்தார். வைக்கவில்லை.

*

மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் பறந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. போலீஸுக்குச் சொன்னபோது, “அதான் பொண்ணு பேசிட்டாளே சார்” என்றார் இன்ஸ்பெக்டர். குண்டூசி போனைப் பிடுங்கி, “அவ பிணமா வந்து பேசினாத்தான் வருவீங்களா?” என்று கத்தினாள். அதற்குப் பிறகு வண்டி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

கோல்ட் ஸ்டோரேஜுக்குத் திரும்பும் சந்து குறுகல். எதிரே ஒரு கூண்டு லாரி வந்தது. ஒருவர் பின்வாங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். சர்வேயர் பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தார். குண்டூசி இறங்கி, “போங்க, சீக்கிரம் போய்த் தொலைங்க” என்று லாரிக்கு வழிவிட்டாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே இயந்திரங்கள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன. தம்பி ஜெர்கினின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு எதிரே வந்தான்.

“வாங்க சார். என்ன, ஏதாவது தெரிஞ்சுதா? இவன்தான் அந்தப் பல்லா?”

“இவர்தான். ஒரு உதவி வேணும்” என்றார் சர்வேயர் சாவகாசமாக. “உங்க அக்கா பொண்ணு சொன்ன போர்டு மிஷின் கம்ப்யூட்டர்ல இருக்குமாம். எப்படி இருக்கும்னு பார்க்கணும். உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருக்குமே?”

தம்பி ஒரு கணம் தயங்கினான். பிறகு, மறுத்தால்தான் சந்தேகம் வரும் என்று தோன்றியிருக்கும். “வாங்க. குளிரைக் கூட்டிக் குறைக்கறது இதுதான். மாட்டினதுலேருந்து யாரும் திறந்ததுகூட இல்ல.”

கனமான கதவுகள் இருபக்கமும் அடைத்து நின்ற நடையின் உள்ளே, ஒரு ஸ்டூல்மேல் அந்தக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது. மேஜை, நாற்காலி எல்லாம் வெளியே ஆபீஸில் இருக்க, கம்ப்யூட்டர் மட்டும் ஏன் இந்தக் குளிரில்? பல்லு பின்பக்கம் குனிந்தான். ஒன்பது முள் போர்ட். பக்கத் தகடு ஒரே ஒரு திருகில் நின்றது. கழற்றினான். உள்ளே ஃபேன் இருக்க வேண்டிய இடம் காலி.

ஒயர்கள் மூன்று மூன்றாகச் சடை பின்னியிருந்தன.

“அவதான்” என்றான் பல்லு.

“அது... சர்வீஸ் ஆள் போன வாரம்...” என்றான் தம்பி.

“இப்பத்தானே யாரும் திறந்ததே இல்லன்னீங்க?”

தம்பியின் முகம் மாறியது. “நீங்க என்ன போலீஸா? இங்க மருந்து இருக்கு, வெளியாள் வரக்கூடாது. கிளம்புங்க.”

குண்டூசி அவனைத் தாண்டி ஓடினாள். முதல் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். அடுத்த கதவு. அதற்கடுத்தது. எல்லாம் பூட்டு. கதவு ஒவ்வொன்றும் மெத்தை கனம். உள்ளே ஒருத்தி கத்தினாலும் வெளியே வராது, வெளியே இடித்தாலும் உள்ளே போகாது. “எந்த ரூம்? எந்த ரூம்னு சொல்லு!” அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது. பல்லு ஒரு கதவில் காதை வைத்து, எடுத்து, அடுத்த கதவுக்குப் போனான். எங்கும் உறுமல் மட்டும்தான் கேட்டது. சர்வேயர் தம்பியின் ஜெர்கினைப் பற்றி உலுக்கினார். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அப்போது நடையின் முனையில் காலடிச் சத்தம் கேட்டது.

நர்ஸ் நின்றிருந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. போனில் அந்த மௌனத்திலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு கிடைத்த வண்டியில் ஏறி வந்திருந்தாள். தம்பியை அடிப்பாள், சட்டையைப் பிடிப்பாள் என்று குண்டூசி எதிர்பார்த்தாள். அவள் அவன் எதிரே வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரரிடம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

“உதடு என்ன நிறத்துல இருக்கு?”

அவன் தலை நிமிரவில்லை.

“காலைல பார்த்தியாடா? மூச்சுல விசில் சத்தம் இருந்துதா, இல்லையா?”

“நேத்து இருந்துது அக்கா. ராத்திரியும் இருந்துது.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இன்னைக்கு மத்தியானம் எட்டிப் பார்த்தேன், சத்தம் இல்ல. தூங்கறா போலன்னு...”

“சத்தம் நின்னா அது தூக்கம் இல்லடா.”

அவ்வளவுதான் சொன்னாள். தம்பியின் கை தானாக ஜெர்கின் பைக்குள் போனது. சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் குனிவதற்குள் குண்டூசி பொறுக்கிவிட்டாள். “கடைசிக் கதவு” என்றான் அவன். “சின்ன ரூம். இதுங்க அளவு குளிர் இருக்காது. போர்வை கொடுத்தேன் அக்கா, சாப்பாடு கொடுத்தேன். லாரி போற வரைக்கும்தான்...”

கதவு திறந்தது. காலிப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் பெண். உதடுகளில் நீலம். மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியவில்லை.

நர்ஸ் மகளை நிமிர்த்தி உட்கார வைத்தாள். தன் மார்பில் சாய்த்துக்கொண்டு இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து அப்படியே வெளியே வந்தது. உள்ளே இழுக்க மகளுக்குத் தெம்பில்லை. “இழு கண்ணு. அம்மா சொல்றேன்ல, இழு.” மறுபடி அழுத்தினாள். மறுபடி வீண். குண்டூசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் சுற்றிலும் பார்த்தாள். கீழே கிடந்த காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்து, சர்வேயரிடம் நீட்டி, “அடியை வெட்டுங்க” என்றாள். பேனாக்கத்தியால் வெட்டிக் கொடுத்தார். வெட்டிய பக்கத்தை மகளின் மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, பாட்டிலின் வாயில் இன்ஹேலரைப் பொருத்தி அழுத்தினாள். மருந்து உள்ளேயே நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. இன்னொரு முறை.

விசில் கேட்டது.

மெல்லிய, கிழிந்த விசில். நர்ஸ் அதைக் கேட்டதும்தான் அழுதாள். மற்றவர்களுக்கு அது நெஞ்சைப் பிடுங்கும் சத்தம், அவளுக்கு அது மகளின் உயிர்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஆக்ஸிஜனோடு வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பெண் கண்ணைத் திறந்தாள். முகமூடியை விலக்கப் பார்த்தாள்.

“லாரி...” என்றாள். “ஊசி மருந்து... எல்லாம் கெட்டுப்போச்சும்மா. ஃபேன் நின்னு... கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு. குளிரே இல்ல. ரூமெல்லாம் வெளி மாதிரி சூடு. மாமா கூப்பிட்டாருன்னு நான்தான் அதைக் குளிர் நடையில வச்சுச் சரி பண்ணேன். மருந்தைத் தூக்கிப் போடுங்க மாமான்னு சொன்னேன். உனக்குப் போன் பண்றேன்னு சொன்னேன்...”

மூச்சு வாங்கியது. நர்ஸ் முகமூடியைத் திரும்பப் பொருத்தினாள்.

தம்பி ஆம்புலன்ஸ் கதவருகே வந்து நின்றான். அவனைச் சர்வேயர் பிடித்துக்கொண்டிருந்தார், பிடிக்காவிட்டாலும் ஓடியிருக்கமாட்டான்.

“கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் அக்கா. கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுன்னு அவங்க சொன்னப்ப, ஓடும்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். சாதாரணமா பேசு, உன் கம்ப்யூட்டர் கதையையே பேசுன்னு சொல்லித்தான் பேச வச்சேன். நீ பயப்படக்கூடாதுன்னுதான். அந்த மருந்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வெறும் தண்ணி ஊசி மாதிரிதான், அவ்வளவுதான்.”

“அய்யோ, அந்த லாரி!” குண்டூசி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான்தான் சார் வழி விட்டேன். அது எங்க போகுது?”

நர்ஸ்தான் சொன்னாள், தம்பியைப் பார்த்துக்கொண்டே.

“எங்க ஆஸ்பத்திரிக்கு. நாளைக்குக் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி. போடப்போறது நான்.”

இயந்திரங்களின் உறுமல் வெளியேயும் கேட்டது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலில் பார்வையைத் தாழ்த்தியது அவன்.

“எத்தனை தாய்மாருங்க நம்பிக் கையை நீட்டச் சொல்வாங்க தெரியுமாடா?” என்றாள் அவள். “ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க.”

“அக்கா, கம்பெனி பேரை மட்டும் சொல்லிடு. என் பேர் வேண்டாம். ஜெயில்ல போட்டுடுவாங்க. நான் உன் தம்பி அக்கா.”

அவள் ஆம்புலன்ஸில் ஏறி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு கையால் முகமூடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் நம்பரை அழுத்தினாள்.

“நான்தான், தடுப்பூசி வார்டு சிஸ்டர் பேசறேன். மருந்து லாரி ஒண்ணு வந்துட்டிருக்கு. ஒரு பெட்டியைக்கூட இறக்க விடாதீங்க. ஆமா, எல்லாம் கெட்டுப்போன மருந்து. தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காங்க.”

மறுமுனை ஏதோ கேட்டது. மகளின் மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கதவுக்கு வெளியே ஜெர்கினோடு நிற்பவனை ஒரு முறை பார்த்தாள்.

“யாருன்னு தெரியும்” என்றாள். “எழுதிக்குங்க. என் தம்பி.”